பழைய ஆசாரமும் புதிய அதிகாரமும்: ஆப்பிரிக்க நாவல்கள் கற்பிக்கும் பாடம்

அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் எழுந்த நாவல்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். வெள்ளையன் வருமுன் எல்லாம் செவ்வையாக இருந்தன, அவன் வந்து எல்லாவற்றையும் குலைத்தான், அக்குலைவைப் பற்றிய புலம்பலே இந்நாவல்கள் என்பர் ஒரு கட்சியார். மூடப் பழக்கங்களில் மூழ்கிக் கிடந்த ஜனங்கள் கல்வியும் விஞ்ஞானமும் பெற்று விழித்தெழுந்த கதையே இவை என்பர் மற்றக் கட்சியார். இவ்விரு சாராரும் அந்நூல்களை முதலிலிருந்து முடிவு வரை படித்துவிட்டுப் பேசுவதாக நமக்குத் தோன்றவில்லை. தாம் முன்னரே கொண்ட முடிவுக்குச் சாட்சி தேடிச் சில பக்கங்களைப் புரட்டியவர்களாகவே தோன்றுகிறார்கள்.

இவ்விஷயம் இலக்கிய ரசிகர்கள் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதன்று. ஒரு ஜாதியார் தம் பழைய ஆசாரங்களில் எவற்றைக் காப்பது, எவற்றைக் களைவது, அந்நியன் கொண்டுவந்தவற்றில் எவற்றை ஏற்பது, எவற்றைத் தள்ளுவது என்னும் கேள்வி, சுதந்திரம் பெற்ற எந்த நாட்டையும் விட்டதில்லை. ராஜ்ய விஷயங்களில் உழைப்போர் இக்கேள்வியை மேடையில் முழக்கத்தால் தீர்த்துவிடப் பார்க்கிறார்கள். நல்ல நாவலாசிரியனோ ஒரு குடும்பத்தையும் ஓர் ஊரையும் நம் கண்முன் நிறுத்தி, அக்கேள்வி எத்தனை உயிர்களை வாங்குகிறது என்று காட்டுகிறான். அப்படிக் காட்டியவர்களுள் தலைசிறந்த ஒருவரை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

பாதிரியாரின் புதல்வர்

சினுவா ஆச்செபே 1930-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆம் தேதி நைஜீரியாவின் கிழக்குப் பகுதியிலே பிறந்தவர், ஒகிடி என்னும் ஊரைச் சேர்ந்தவர், இக்போ ஜாதியார். தந்தையார் இங்கிலீஷ் மிஷன் சபையில் சேர்ந்து மத போதகராக உழைத்தவர். மகனுக்கு விக்டோரியா ராணியின் கணவர் பெயரான ஆல்பர்ட் என்பதையே ஞானஸ்நானத்தில் இட்டார்கள். இபாதான் சர்வகலாசாலைக் கல்லூரியில் படித்த காலத்தில் அப்பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு, தம் தாய்மொழிப் பெயரையே வைத்துக்கொண்டார் அவர். ஒரு பக்கம் ஜெபப் புத்தகமும், மறுபக்கம் கிறிஸ்தவராகாத உறவினர் நடத்திய திருவிழாக்களும் இருக்க, இரண்டையும் பார்த்து வளர்ந்தவர். ஆதலின் இரு கட்சியாரில் எவரும் அவரை ஏமாற்ற முடியவில்லை.

கல்லூரியில் அவருக்குப் பாடமாக வந்த இங்கிலீஷ் நாவல்களில் ஆப்பிரிக்கர்கள் பேசத் தெரியாத உருவங்களாகவும் சிரிப்புக்கு இடமான கோமாளிகளாகவும் வந்தார்கள். ஜாய்ஸ் கேரி என்பவர் நைஜீரியாவைப் பற்றி 1939-இல் எழுதிய 'மிஸ்டர் ஜான்ஸன்' அவ்வகையில் ஒன்று. நம் கதையை நாமே சொல்லாவிட்டால் பிறர் இப்படித்தான் சொல்லுவர் என்ற உணர்ச்சியே அவரை எழுதத் தூண்டிற்று. 1958-இல் லண்டனில் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. முதற்பதிப்பு 2,000 பிரதிகளே. பிற்காலத்தில் அது ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பெற்று, இரண்டு கோடிப் பிரதிகள் விற்றது. தமிழிலும் 'சிதைவுகள்' என்ற பெயரோடு வந்திருக்கிறது. நைஜீரியா சுதந்திரம் பெற்றது 1960-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி. அதற்கு இரண்டாண்டு முன்னரே அந்நாட்டின் இலக்கியம் சுதந்திரம் பெற்றுவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

உமுவோபியாவின் நியாயம்

'சிதைவுகள்' ஒன்பது கிராமங்கள் சேர்ந்த உமுவோபியா என்னும் ஊரின் கதை. அங்கே ராஜா கிடையாது. பட்டம் பெற்ற பெரியோர்களும் ஊர்க்கூட்டமும் சேர்ந்து காரியங்களைத் தீர்மானிக்கிறார்கள். கதாநாயகனாகிய ஒக்கொங்வோவின் தந்தை குழலூதிக் களித்துக் கடனாளியாகச் செத்தவன். எனினும் தந்தையின் சிறுமை மகனைத் தொடர்வதில்லை. மல்யுத்தத்தில் வென்று, வள்ளிக்கிழங்கு பயிரிட்டுக் களஞ்சியம் நிரப்பிய ஒக்கொங்வோ தன் முயற்சியாலேயே ஊர்த் தலைவர்களுள் ஒருவனாகிறான்.

அவ்வளவு பலசாலியையும் ஊர்ச் சட்டம் விடவில்லை. விதைப்புக்கு முன்வரும் சமாதான வாரத்தில் அவன் மனைவியை அடித்தான் என்பதற்காகப் பூமித்தாயின் பூசாரி அவன் வீட்டுக்கே வந்து, ஓர் ஆடும் ஒரு கோழியும் துணியும் நூறு சோழிகளும் அபராதமாக விதிக்கிறான். மனைவியை ஓயாமல் அடித்த வேறொருவன் வழக்கு, முன்னோர் ஆவிகளாக முகமூடி தரித்து வரும் பெரியோர் ஒன்பதின்மர் முன் விசாரிக்கப்படுகிறது. இரு தரப்பாரும் பேசுகிறார்கள், சாட்சி கேட்கப்படுகிறது, மாமனார் வீட்டாரிடம் கள்ளுக் குடத்துடன் சென்று மனைவியை வேண்டி அழைத்துவா என்று தீர்ப்பாகிறது. நீதி, வழக்கு, தண்டனை, சமாதானம் ஆகிய இவையெல்லாம் வெள்ளைக்காரனின் கப்பலில் இறங்கியவை அல்ல என்பதைக் காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

இவ்வளவில் ஆச்செபே நிறுத்தியிருந்தால் முதற்கட்சியார் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடலாம். அவர் நிறுத்தவில்லை. அதே ஊரில் இரட்டைக் குழந்தை பிறந்தால் இரண்டையும் மண்சட்டியில் வைத்துப் பேய்க்காட்டில் எறிந்துவிடுகிறார்கள். 'ஓஸு' என்று ஒரு வகுப்பார் உண்டு. தெய்வத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டவர்களின் சந்ததியாகிய அவர்களை எவரும் மணப்பதில்லை. அவர்கள் ஊர்க் கூட்டத்தில் உட்கார முடியாது. செத்தாலும் பேய்க்காட்டில்தான் புதைப்பு. இன்னும் ஒரு கொடுமை. அயலூர்க் கொலைக்கு ஈடாக ஒப்படைக்கப்பட்ட இகெமெஃபூனா என்னும் சிறுவன் மூன்றாண்டு ஒக்கொங்வோ வீட்டில் வளர்ந்து அவனை அப்பா என்றழைத்தவன். அவனைக் கொன்றுவிடும்படி குகைத் தெய்வத்தின் வாக்குப் பிறக்கிறது.

இங்கேதான் நேயர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அக்கொலையில் ஒக்கொங்வோ கை வைக்க வேண்டும் என்று ஆசாரம் சொல்லவே இல்லை. ஊர் முதியவர் ஒருவர் அவனிடம் வந்து, அப்பா என்றழைத்த பிள்ளையின் சாவில் நீ சேராதே என்று எச்சரித்தும் போகிறார். நண்பன் ஒபியேரிகா போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறான். ஒக்கொங்வோ போகிறான். வெட்டுண்ட பையன் அவனிடம் அடைக்கலம் தேடி ஓடிவர, பிறர் தன்னைக் கோழை என்று எண்ணுவரே என்ற அச்சத்தால் தானே வெட்டி வீழ்த்துகிறான். ஆசாரம் கேட்டதற்கு மேலாக ஆசாரம் காட்டும் மனிதன் இவன்! இப்படிப்பட்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. தம் பயத்துக்குத் தர்மம் என்று பெயரிட்டு, அந்தத் தர்மத்தின் பெயரால் பிறர் பிள்ளைகளைப் பலியிடுவார்கள்.

அன்றே அவன் மகன் நுவோயேயின் உள்ளத்தில் ஏதோ ஒன்று அறுந்து விழுகிறது. பிற்பாடு பாதிரிமார் வந்து பாட்டிசைத்தபோது அந்தப் பிள்ளையைக் கவர்ந்தது அவர்களுடைய வேதாந்தமன்று. திரியேக தத்துவம் அவனுக்கு விளங்கவே இல்லை. பேய்க்காட்டில் அழுத குழந்தைகளையும், வெட்டுண்டு மாண்ட இகெமெஃபூனாவையும் பற்றித் தன்னுள் எழுந்த கேள்விக்கு அப்பாட்டில் ஓர் ஆறுதல் கிடைத்தது, அவ்வளவே. நான்கு முறை இரட்டைப் பிள்ளை பெற்று, நான்கு முறையும் பறிகொடுத்த ஒரு தாய் அடுத்த கர்ப்பத்தோடு தேவாலயம் போகிறாள். அவளைத் தொடர்ந்து ஓஸுக்கள் போகிறார்கள். மதிலில் வெளியார் வருமுன்னரே உட்புறமாக விரிசல் கண்டிருந்தது. தன் சொந்த ஜனங்களுக்கு ஊர் இழைத்த அநீதி எங்கெங்கே இருந்ததோ அங்கங்கேதான் அந்நியன் காலை ஊன்றினான்.

நாகரிகம் வந்த வழி

இனி இரண்டாங் கட்சியாரைப் பார்ப்போம். கல்வியும் விஞ்ஞானமும் உமுவோபியாவுக்கு எப்படி வந்தன? தேவாலயம் தனியே வரவில்லை. அதன் பின்னாலேயே கோர்ட்டும் ஜெயிலும் வந்தன. ஊர் வழக்கமே தெரியாத ஜில்லா கமிஷனர், ஊர்ப் பாஷையே தெரியாமல், மொழிபெயர்ப்பாளன் வாயைப் பார்த்து நீதி செலுத்தினார். சைக்கிளில் வந்த ஒரு வெள்ளையனைக் கொன்றதற்காக அபாமே என்னும் ஊரின் சந்தையை வளைத்துக்கொண்டு ஜனங்களைச் சுட்டுத் தள்ளினார்கள் என்று நாவலில் ஒரு பகுதி வருகிறது. அது வெறுங் கற்பனையன்று. 1905-இல் அஹியாரா வட்டாரத்தில் ஓர் ஆங்கில வைத்தியர் கொல்லப்பட்டதும், அதற்குப் பழிவாங்கப் படை ஏவப்பட்டதும் சரித்திரம்.

ஊரார் தேவாலயத்தை இடித்த பின்னர், சமாதானம் பேச வாருங்கள் என்று கமிஷனர் ஆறு தலைவர்களை அழைக்கிறார். வந்தவர்களுக்கு விலங்கு பூட்டப்படுகிறது. இருநூறு மூட்டைச் சோழி அபராதம். கோர்ட்டுச் சேவகர்கள் ஊராரிடம் போய் இருநூற்றைம்பது என்று சொல்லி, ஐம்பதைத் தாங்கள் விழுங்குகிறார்கள். புதிய நீதியோடு புதிய லஞ்சமும் ஒரே நாளில் பிறந்ததை ஆச்செபே இப்படிச் சில வரிகளில் காட்டிவிடுகிறார்.

அதே சமயத்தில் மற்றோர் உண்மையையும் அவர் மறைக்கவில்லை. முதலில் வந்த பாதிரியார் பிரௌன் நல்லவர். ஊர்ப் பெரியவரோடு உட்கார்ந்து கடவுளைப் பற்றி வாதம் புரிந்தவர். பள்ளிக்கூடமும் சிறு வைத்தியசாலையும் கட்டினார். வியாபாரக் கடை வந்து, பனையெண்ணெய்க்கும் பனங்கொட்டைக்கும் முன் காணாத விலை கிடைத்தது. ஊரில் பணம் புரண்டது. ஆதலால்தான், ஒக்கொங்வோ கோர்ட்டுச் சேவகன் ஒருவனை வெட்டி வீழ்த்திப் போருக்குக் கொடி தூக்கியபோது ஊர் அவன் பின்னே எழவில்லை. மற்றச் சேவகர்களை ஓடவிட்டது. அவ்வளவில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தூக்கிட்டுக்கொண்டான். தற்கொலை பூமிக்குச் செய்த பாவமாகையால் சொந்த ஜனங்கள் அவன் உடலைத் தொடக்கூடாது. அந்நியரைக் கொண்டே இறக்க வேண்டும். ஆசாரத்துக்காகவே வாழ்ந்தவன் ஆசாரத்துக்கு வெளியே கிடந்தான். கமிஷனரோ தாம் எழுதப்போகும் புத்தகத்தில் இவனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாமா என்று எண்ணி, பிறகு ஒரு பாரா போதும் என்று தீர்மானிக்கிறார். ஒரு மனிதனின் முழு வாழ்வும் வெள்ளையன் புத்தகத்தில் ஒரு பாரா! அந்தப் பாராவுக்கு விடையாகத்தான் ஆச்செபே ஒரு நாவலையே எழுதினார்.

அர்ச்சகர் பிடிவாதம்

ஆசாரத்தைக் காப்பவனே அதனை அழிக்கும் விந்தையை இன்னும் ஆழமாகக் காட்டுவது 1964-இல் வெளிவந்த 'கடவுளின் அம்பு'. இது 1920-களில் நடப்பதாக அமைந்த கதை. ஆறு கிராமங்கள் பகைவருக்கு அஞ்சி ஒன்று சேர்ந்தபோது, எல்லோருக்கும் பொதுவாக 'உலு' என்றொரு தெய்வத்தைத் தாங்களே ஏற்படுத்திக்கொண்டன. அத்தெய்வத்தின் தலைமை அர்ச்சகர் எஸெயூலு, அறிவாளி, காலத்தை அறிந்தவர். வெள்ளையனின் வித்தையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத் தம் கண்ணாக ஒருவன் இருக்க வேண்டும் என்று ஒரு மகனை மிஷன் பள்ளிக்கே அனுப்புகிறார். அவ்வூரில் மலைப்பாம்பு தெய்வாம்சம். அந்த மகன் ஒரு மலைப்பாம்பைப் பெட்டியில் அடைத்து வைக்கிறான்.

அக்காலத்தில் ஆங்கில சர்க்கார் ஒரு சூழ்ச்சி செய்தது. உள்ளூர் அரசர்களைக் கொண்டே நாட்டை ஆள்வது என்பது லூகார்டு பிரபுவின் கொள்கை. வடநைஜீரியாவில் அமீர்கள் இருந்தார்கள். அங்கே அது நடந்தது. இக்போ நாட்டிலோ அரசர்களே இல்லை. இல்லாத அரசரை எங்கிருந்து கொண்டு வருவது? சர்க்காரே ஆட்களைப் பொறுக்கி, அதிகாரப் பத்திரம் கொடுத்து, இவர்களே உங்கள் பரம்பரைத் தலைவர்கள் என்று ஜனங்கள் தலையில் ஏற்றிவிட்டது. பழைமை என்ற பெயரால் நமக்குக் காட்டப்படும் சில சரக்குகள் கலெக்டர் கச்சேரியில் செய்யப்பட்டவை என்பதை மறவாதிருப்போமாக. இந்தத் தலைவர்களின் கொள்ளை பொறுக்காமலும், ஸ்திரீகள்மீதும் வரி விழும் என்ற அச்சத்தாலும் 1929-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஆயிரக்கணக்கான இக்போ ஸ்திரீகள் கிளர்ந்தெழுந்தார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஸ்திரீகள் மாண்டார்கள். அதன் பின்னரே அந்த ஏற்பாடு ஆட்டங்கண்டது.

எஸெயூலுவையும் அப்படியொரு தலைவராக்க ஆங்கிலேய அதிகாரி கூப்பிடுகிறார். உலுவின் அர்ச்சகன் வேறொருவனுக்குத் தலைவனாக இரேன் என்று மறுக்கிறார் அவர். அதற்காக அடைத்து வைக்கப்படுகிறார். இது வரையில் அவர் வீரர். ஆனால், தாம் துன்புற்ற காலத்தில் தம் ஊர் துணை நிற்கவில்லை என்ற மனக்கசப்போடு திரும்புகிறார். ஒவ்வோர் அமாவாசை கழிந்து பிறை கண்டதும் ஒரு புனித வள்ளிக்கிழங்கை அர்ச்சகர் உண்ண வேண்டும். கடைசிக் கிழங்கு தீர்ந்த பிறகே புதுக்கிழங்குத் திருவிழா அறிவிக்கலாம். அறிவித்த பிறகே ஊரார் அறுவடை செய்யலாம். சிறையில் இருந்த காலத்தில் கிழங்குகள் உண்ணப்படாமல் எஞ்சிவிட்டன. எஞ்சியவற்றைப் பிறை தவறாமல் உண்டு தீர்த்த பிறகுதான் திருவிழா என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறார். ஊரார் கெஞ்சுகிறார்கள், பாவத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், கிழங்குகளை உண்டுவிடும் என்கிறார்கள். அவர் அசையவில்லை. மண்ணுக்குள் பயிர் அழுகுகிறது, பசி வருகிறது.

அப்பொழுது மிஷன் சபையார், எங்கள் தேவனுக்குக் கிழங்கு காணிக்கை செலுத்துவோர் அச்சமின்றி அறுவடை செய்யலாம் என்று அறிவிக்கிறார்கள். ஊரார் தங்கள் பிள்ளைகள் கையில் கிழங்கு கொடுத்துத் தேவாலயத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு பிரசங்கம் வெல்லவில்லை. பட்டினியால் உலு தோற்றார். எஸெயூலுவின் அருமை மகன் இறந்துபோக, அவர் சித்தம் கலங்குகிறார். ஜனங்களைக் காப்பதற்காக ஜனங்களாலேயே உண்டாக்கப்பட்ட தெய்வம், ஜனங்கள் பட்டினி கிடக்கும்போது விதியைக் காட்டி வாயடைத்தால் யார்தான் அதன் பின்னே நிற்பார்கள்? தங்களை ரட்சிக்க ஏற்பட்டதைத் தங்களுக்கு எஜமானாக விட்டவர்கள், அதை இழந்த பிறகு எதிரியை நோவதில் பயன் என்ன?

படித்த பேரன்

புதுமை வந்தபின் பழைமையின் குற்றங்கள் தாமே ஒழிந்துவிட்டனவா? அதற்கும் ஆச்செபே விடை வைத்திருக்கிறார். 1960-இல் வெளிவந்த அவருடைய இரண்டாவது நாவலின் நாயகன் ஓபி, ஒக்கொங்வோவின் பேரன். ஐசக் என்று பெயர் மாறிய நுவோயேயின் மகன். லாகோஸிலுள்ள உமுவோபியாக்காரர்கள் சங்கம் சேர்த்து, எண்ணூறு பவுன் கடன் கொடுத்து அவனை இங்கிலாந்துக்கு அனுப்புகிறது. திரும்பி வந்து சர்க்கார் உத்தியோகம் பார்க்கிறான். கார், பங்களா, அந்தஸ்து எல்லாம் சேர்கின்றன. கிளாரா என்னும் தாதிப் பெண்ணை மணக்க விரும்புகிறான். அவளோ ஓஸு.

தந்தை ஐசக் யார் என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஊரின் கொடுமை பொறுக்காமல் தகப்பனையே விட்டுக் கிறிஸ்துவிடம் ஓடியவர். அந்த ஐசக்தான் இப்போது, ஓஸு என்பது நம் ஜனங்களின் மனத்தில் குஷ்டரோகம் போன்றது, நம் குலத்துக்கு அதைக் கொண்டு வராதே என்று மகனைத் தடுக்கிறார்! ஜெபத்தில் தவறாத தாயோ, நான் உயிரோடிருக்கும்போது அவளை மணந்தால் என்னை மாய்த்துக்கொள்வேன் என்கிறாள். மதம் மாறிற்று, பெயர் மாறிற்று, உடை மாறிற்று, தீண்டாமை மட்டும் அதே வீட்டில் அதே திண்ணையில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. கிழக்கு நைஜீரியச் சட்டசபை 1956-இலேயே ஓஸு முறையைச் சட்டத்தால் ஒழித்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். சட்டம் புத்தகத்தில் ஏறிற்று; மனத்தில் ஏறவில்லை. நம் நாட்டில் தீண்டாமை 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சாசனத்தால் ஒழிக்கப்பட்டது. அது மனத்திலிருந்தும் ஒழிந்துவிட்டதா என்று யாரும் நம்மைக் கேட்க வேண்டியதில்லை. நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓபி கடைசியில் லஞ்சம் வாங்கிப் பிடிபட்டு நீதிமன்றத்தில் நிற்கிறான். கடன் தவணை, காருக்கு இன்ஷ்யூரன்ஸ், பெற்றோருக்குப் பணம், தம்பிக்குப் பள்ளிச் சம்பளம் என்று எல்லாம் அவனை நெருக்குகின்றன. பழைய ஊரில் தவறு செய்தவனைப் பூசாரி வீடு தேடி வந்து கேட்டான். புதிய நகரத்தில் கேட்பாரில்லை; போலீஸார் வரும்வரை எல்லாம் மரியாதையே. பழைய கட்டு அறுந்து, புதிய கட்டு இன்னும் முடியப்படாத இடைவெளியில் விழுந்தவன் அவன். சுதந்திரம் பெற்ற நாடுகளின் உத்தியோக வர்க்கத்தைப் பற்றி இதைவிட உண்மையாக எழுதப்பட்ட கதைகள் சிலவே.

தேசபக்தியும் கத்தியும்

கிழக்காப்பிரிக்காவிலும் இதே போராட்டம் வேறு வேஷத்தில் நடந்தது. கென்யாவின் கிகூயு ஜனங்களிடையே பெண்களுக்கு விருத்தசேதனம் செய்யும் வழக்கம் இருந்தது. 1929-இல் மிஷன் சபைகள் அதனைத் தடுக்க முனைந்தபோது பெருங் கிளர்ச்சி மூண்டது. ஜனங்கள் சபைகளை விட்டு வெளியேறித் தங்கள் சொந்தப் பள்ளிகளை நிறுவினார்கள். பின்னர் அந்நாட்டின் தலைவரான ஜோமோ கென்யாட்டா 1938-இல் எழுதிய நூலில் அவ்வழக்கத்துக்குப் பரிந்தே எழுதினார். நிலத்தைப் பிடுங்கியவன் நீதி சொல்ல வந்தால் யாருக்குத்தான் காது கேட்கும்? அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அக்கோபத்தின் விலையைக் கொடுத்தவர்கள் சிறுமிகள்.

கூகி வா தியாங்கோ 1965-இல் வெளியிட்ட நாவல் இந்தக் கிளர்ச்சியின் நடுவே நிகழ்வது. எதிரெதிரே இரண்டு மலைமுகடுகள், இடையே ஒரு நதி. ஒருபுறம் பழைமை, மறுபுறம் சபை. கிறிஸ்தவ போதகரின் மகள் முதோனி, கிறிஸ்தவளாகவும் இருப்பேன், என் குலத்துப் பெண்ணாகவும் ஆவேன் என்று ஒளிந்து சென்று அச்சடங்கைச் செய்துகொண்டு, புண் ஆறாமல் மாள்கிறாள். அவளுடைய சாவை இரு கட்சியாரும் தத்தம் வாதத்துக்கு ஆதாரமாக்கிக்கொள்கிறார்கள். அவளுக்காக அழுதவர்கள் சிலரே. சுதந்திர கென்யா, 2011-இல் தன் சொந்தப் பார்லிமெண்டில் தானே சட்டமியற்றி அவ்வழக்கத்தைத் தடை செய்தது. அந்நியன் கண்டித்தான் என்ற ஒரே காரணத்தால் ஒரு தீமை நன்மையாகிவிடாது. அந்நியன் கண்டித்தான் என்ற காரணத்தால் நாம் அதைக் களையாமல் காலம் கடத்தினால், அவனுடைய சொல்லுக்கு இன்னும் அடிமையாக இருக்கிறோம் என்றே பொருள்.

ஸ்திரீகள் எழுதியபோது இக்கேள்வி இன்னும் தெளிவாயிற்று. ஃப்ளோரா நுவாப்பா 1966-லும், பூச்சி எமெச்செட்டா 1979-லும் வெளியிட்ட நாவல்களில் வீட்டின் உட்புறம் வெளிச்சத்துக்கு வருகிறது. எமெச்செட்டாவின் கதாநாயகி நூ ஈகோ, பிள்ளைகளே செல்வம் என்று கிராமம் கற்பித்ததை நம்பிப் பல பிள்ளைகளைப் பெறுகிறாள். கணவன் லாகோஸில் வெள்ளைக்காரன் வீட்டில் துணி வெளுப்பவன். நகரமோ பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கேட்கிறது. படித்த பிள்ளைகள் கடல் கடந்து போய்விடுகிறார்கள். பழைமை கேட்ட வேலையையும் புதுமை கேட்ட பணத்தையும் ஒரே முதுகில் சுமந்த அந்தத் தாய், சாலையோரத்தில் துணையின்றி உயிர் விடுகிறாள். பழைமைக்கும் புதுமைக்கும் சண்டை என்று ஆண்கள் மேடையில் பேசிக்கொண்டிருக்க, சுமை என்னவோ இரண்டுக்குமாக அவளிடமே வந்து சேருகிறது.

எந்த மொழியில்?

இவர்களெல்லாம் இங்கிலீஷில் எழுதினார்களே என்று கேட்போர் உண்டு. அது நியாயமான கேள்வியே. நைஜீரியாவில் பல நூறு மொழிகள் இருப்பதால் இங்கிலீஷை வளைத்துத் தம் ஜாதியின் பழமொழியையும் தொனியையும் ஏற்றிப் பயன்படுத்துவதே வழி என்றார் ஆச்செபே. கூகி அதை ஒப்பவில்லை. 1977-இல் கமிரீது கிராமத்துக் குடியானவர்களோடு சேர்ந்து கிகூயு மொழியில் நாடகம் போட்டார். அவ்வளவு காலம் இங்கிலீஷில் எழுதியபோது பொறுத்திருந்த சுதேச சர்க்கார், ஜனங்களுக்குப் புரியும் மொழியில் பேசியவுடன் அவ்வாண்டு இறுதியில் விசாரணையின்றி அவரைச் சிறையிலடைத்தது. சிறையில் கொடுத்த கழிவறைக் காகிதத்திலேயே கிகூயு மொழியில் ஒரு நாவல் எழுதினார். 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று அது தமிழிலும் வந்துள்ளது. ஆச்செபே 2013-இலும் கூகி 2025-இலும் காலமானார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு இன்னும் தீரவில்லை. நமது அபிப்பிராயத்தில், சிறைக்கதவே அவ்வழக்கில் ஒரு சாட்சி சொல்லிவிட்டது. ஜனங்களின் மொழிக்கு அஞ்சும் சர்க்கார், அதன் வலிமையை நம்மைவிட நன்கறிந்திருக்கிறது.

தேச சேவையில் இறங்கியுள்ள இளைஞர்களுக்கு இந்நாவல்களைப் படிக்கும்படி நாம் சிபாரிசு செய்கிறோம். பழைமையைக் காப்போம் என்று புறப்படுகிறவர்கள், தங்கள் ஊரில் பேய்க்காட்டுக்குத் துரத்தப்பட்டவர்கள் யார் என்று முதலில் கணக்கெடுக்கட்டும். அவர்களை உள்ளே அழைக்காமல் மதிலை உயர்த்துவதால் ஊர் காப்பாற்றப்படாது. புதுமையைக் கொண்டு வருவோம் என்கிறவர்கள், தாங்கள் கொண்டுவருவது பள்ளிக்கூடமா, கமிஷனருடைய கோர்ட்டா என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும். ஜனங்களின் மொழியும் மனமும் அறியாமல் மேலிருந்து இறக்கப்படும் சீர்திருத்தம் சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடும்.

நண்பன் ஒபியேரிகா கதை நெடுகக் கேள்வி கேட்டவன். இரட்டைக் குழந்தைகளை எறிந்தோமே, அவை செய்த குற்றம் என்ன என்று தனியே உட்கார்ந்து யோசித்தவன். ஆனால் யோசித்ததோடு நின்றுவிட்டான். ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்கவில்லை. அவனைப் போன்றவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் திண்ணையில் யோசித்ததைக் கூட்டத்தில் எழுந்து பேசும் காலமே இப்போது வேண்டும். வெளியார் வந்து கேட்குமுன், நமக்குள்ளே நாமே கேட்டுத் தீர்த்துக்கொள்வோமாக.